பியானோ பிறந்த ஊரில் அந்தப் பியானோ இல்லை! மூன்று நகரங்களில் மிஞ்சியிருக்கும் மூன்று பெட்டிகளின் கதை

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், அக்காதெமியா அருங்காட்சியகத்தின் வாசலில் எப்போதும் நீண்ட வரிசை நிற்கும். பெரும்பாலானவர்கள் பார்க்க வந்திருப்பது ஒருவரைத்தான்... மைக்கேலாஞ்சலோ செதுக்கிய டேவிட். சிலையைச் சுற்றி வந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்பிவிடுபவர்கள் அநேகம்.

அதே கட்டடத்தில் இன்னொரு பகுதி உண்டு. ஒரு காலத்தில் ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தினரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சேர்த்துவைத்த இசைக்கருவிகள் அங்கே இருக்கின்றன. வயலின்கள், செல்லோக்கள், விதவிதமான கீபோர்டு கருவிகள். அவற்றில் முட்டை வடிவத்தில் ஒரு சிறிய கருவி கண்ணைக் கவரும். 1690-ம் ஆண்டைச் சேர்ந்தது. செய்தவர் பெயர் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபொரி.

உலகத்துக்குப் பியானோவைக் கொடுத்தவர் இவர்தான். அதைச் செய்ததும் இதே ஃப்ளாரன்ஸில்தான். ஆனால், அவர் கைப்பட செய்த பியானோ ஒன்றுகூட இந்த ஊரில் இல்லை. இன்று உலகில் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. ஒன்று நியூயார்க்கில், ஒன்று ரோமில், ஒன்று ஜெர்மனியின் லைப்ஸிக்கில்!

இந்த மூன்றும் எப்படிப் பிழைத்தன? மற்றவையெல்லாம் என்ன ஆயின? கண்டுபிடித்தவரின் பெயரே ஏன் பல காலம் மங்கிக்கிடந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம்.

பதுவைக்காரர் வந்த கதை

புனித அந்தோணியாரின் பெயரோடு சேர்த்து நம்மூரில் பலருக்கும் பழக்கமான ஊர் பதுவை. வட இத்தாலியில் இருக்கும் அந்த நகரில் 1655-ல் பிறந்தவர் கிறிஸ்டோஃபொரி. அவரது இளமைக்காலம் பற்றிய தகவல்கள் மிகக் குறைவு. 1688-ல் அவருக்கு 33 வயது. அந்த ஆண்டுதான் ஃப்ளாரன்ஸின் இளவரசர் ஃபெர்தினாந்தோ மெடிச்சி அவரை வேலைக்கு அமர்த்தினார்.

இளவரசருக்கு இசை என்றால் உயிர். தன் மாளிகையில் ஓபரா நடத்துவார். அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் புதிய ஓபராக்கள் எழுதி வாங்குவார். கைவசம் ஏராளமான இசைக்கருவிகள். அவற்றைப் பழுது பார்க்கவும், சுருதி சேர்க்கவும், புதிதாகச் செய்து தரவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குத்தான் கிறிஸ்டோஃபொரி வந்தார். மாதச் சம்பளம் 12 ஸ்கூதி.

தொடக்கத்தில் அவருக்குத் தனிப்பட்டறை இல்லை. இன்று உலகப் புகழ்பெற்ற ஓவியக்கூடமாக இருக்கும் உஃபிஸி கட்டடத்தில், அரண்மனைக் கைவினைஞர்கள் சுமார் 100 பேர் வேலை செய்யும் பெரிய கூடத்தில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் தட்டுகிற சத்தம், இன்னொரு பக்கம் அறுக்கிற சத்தம். அதற்கு நடுவில் நுட்பமான ஒலியைக் கேட்டு வேலை செய்ய வேண்டும். பிற்பாடுதான் அவருக்குத் தனி இடம் அமைந்தது.

அப்படி என்ன பிரச்னை?

அந்தக் காலத்து ஐரோப்பாவின் முக்கியமான கீபோர்டு கருவி ஹார்ப்சிகார்ட். பார்க்க பியானோ மாதிரியே இருக்கும். ஆனால், உள்ளே நடக்கும் வேலை வேறு. கட்டையை அழுத்தினால், பறவை இறகின் தண்டிலிருந்து செய்த சிறிய கொக்கி ஒன்று எழுந்து கம்பியைச் சுண்டிவிடும். வீணைத் தந்தியை விரல் மீட்டுகிறதே, கிட்டத்தட்ட அப்படி.

ஆனால், வீணை வாசிப்பவர் மெதுவாகவும் மீட்டலாம், அழுத்தியும் மீட்டலாம். ஹார்ப்சிகார்டில் அது முடியாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் கொக்கி சுண்டும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தமும் ஒன்றுதான்! பாடகர் குரலைத் தாழ்த்தி உருகும்போதும், உச்சத்தில் முழங்கும்போதும் கூட வாசிக்கும் ஹார்ப்சிகார்ட் மட்டும் ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

கிளாவிகார்ட் என்று இன்னொரு கருவி இருந்தது. அதில் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். ஆனால், மொத்த சத்தமே ரகசியம் பேசுகிற அளவுதான். வீட்டு அறையில் தனியாக வாசிக்கலாம். சபையில் எடுபடாது.

ஒன்றில் சத்தம் உண்டு, உணர்ச்சி மாற்றம் இல்லை. இன்னொன்றில் மாற்றம் உண்டு, சத்தம் இல்லை. இரண்டையும் ஒரே கருவியில் கொண்டுவர முடியுமா? கிறிஸ்டோஃபொரி கையில் எடுத்தது இந்தக் கேள்வியைத்தான்.

விடை 1700-ம் ஆண்டு எழுதப்பட்ட மெடிச்சி இசைக்கருவிகளின் பட்டியலில் இருக்கிறது. கிறிஸ்டோஃபொரி செய்த புதுவகைக் கருவி ஒன்றை அது குறிப்பிடுகிறது. 'பியானோ'வும் 'ஃபோர்த்தே'வும் செய்யக்கூடியது என்கிறது. இத்தாலிய இசை மொழியில் 'பியானோ' என்றால் மென்மையாக, 'ஃபோர்த்தே' என்றால் உரக்க. அந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு 'பியானோஃபோர்த்தே' ஆயின. பிறகு பாதியை வெட்டிவிட்டு 'பியானோ' என்றே உலகம் அழைக்கத் தொடங்கியது.

கோயில் மணியும் பியானோவும்

கம்பியைச் சுண்டுவதற்குப் பதில் சுத்தியலால் அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் உரத்த ஒலி, மெதுவாக அடித்தால் மெல்லிய ஒலி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்வதில்தான் சிக்கல்.

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணியின் நாக்கு அடித்த உடனே விலகிவிட்டால்தான் ஓசை நீண்டு ஒலிக்கும். அடித்த நாக்கு மணியிலேயே ஒட்டி நின்றால்? 'டக்' என்று ஒரு சத்தத்தோடு ஓசை அடங்கிவிடும். பியானோவிலும் அதே சிக்கல். வாசிப்பவரின் விரல் கட்டையை அழுத்தியபடியே இருக்கும். ஆனால், சுத்தியல் கம்பியைத் தொட்ட உடனே விலகியாக வேண்டும்.

அதற்குக் கிறிஸ்டோஃபொரி ஓர் ஏற்பாடு செய்தார். கட்டை சுத்தியலை மேலே தள்ளும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிடியை விட்டுவிடும். மிச்ச தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து போய், அடித்துவிட்டுக் கீழே விழும். விழும்போது துள்ளி மறுபடியும் கம்பியில் மோதிவிடக் கூடாதே? 1720-களில் அவர் செய்த பியானோக்களில், விழும் சுத்தியலைத் தாங்கிப் பிடிக்கத் தனி உறுப்பு உண்டு. கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் கம்பியின் அதிர்வை நிறுத்த இன்னொரு உறுப்பு.

சுத்தியலின் தலை எதனால் ஆனது தெரியுமா? காகிதம்! காகிதத்தை வளையமாகச் சுருட்டிப் பசை போட்டு ஒட்டி, கம்பியில் படும் இடத்தில் மெல்லிய தோல் பட்டை வைத்தார். ஒலிப்பலகைக்கு சைப்ரஸ் மரம். உடல் முழுவதும் மரம்தான்.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள் இருக்கின்றன. கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 20 டன். அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். ரோம், லைப்ஸிக் பியானோக்களில் நான்கு ஸ்தாயிகள், 49 கட்டைகள் மட்டுமே. நியூயார்க்கில் இருப்பதில் 54. அளவும் பலமும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால், தள்ளு, விடு, அடி, பிடி என்ற அந்த அடிப்படை வித்தை இன்றும் அதேதான்.

கண்டுகொள்ளாத காலம்

இப்படியொரு கருவி வந்ததும் ஊரே கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். நடந்தது அதுவல்ல.

1711-ல் ஷிப்பியோனே மஃபெய் என்ற எழுத்தாளர், வெனிஸில் வெளியான இதழ் ஒன்றில் இந்தக் கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். உள்ளமைப்பின் வரைபடத்தையும் சேர்த்திருந்தார். அதுவரை மூன்று பியானோக்கள் செய்யப்பட்டிருந்தன என்பது அவர் தரும் தகவல். ஒலி மந்தமாக இருக்கிறது, போதிய சத்தம் இல்லை என்று சிலர் குறை சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. ஹார்ப்சிகார்டின் கணீர் ஒலிக்குப் பழகிய காதுகளுக்கு இந்தப் புதிய குரல் பிடிபடவில்லை.

1713-ல் இளவரசர் ஃபெர்தினாந்தோ இறந்தார். கிறிஸ்டோஃபொரி அரண்மனையிலேயே தொடர்ந்தார். 1716-ல் இசைக்கருவிகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. தன் கண்டுபிடிப்பைச் செப்பனிடுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

இந்தக் கருவிக்கென்றே எழுதப்பட்ட முதல் இசைத்தொகுப்பு 1732-ல் ஃப்ளாரன்ஸில் அச்சானது. லொதோவிகோ ஜுஸ்தினி எழுதிய 12 சொனாட்டாக்கள் அவை. போர்ச்சுகல் இளவரசர் ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. போர்ச்சுகல், ஸ்பெயின் அரண்மனைகளுக்கும் ஃப்ளாரன்ஸ் பியானோக்கள் போய்ச் சேர்ந்தன. ஸ்பெயின் ராணி மரியா பார்பராவிடம் ஐந்து இருந்தன. அதில் இரண்டை என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே இருந்த சுத்தியல் அமைப்பைக் கழற்றிவிட்டு, பழையபடி ஹார்ப்சிகார்டாக மாற்றிவிட்டார்கள்!

கிறிஸ்டோஃபொரி 1730-களின் தொடக்கத்தில் காலமானார். அவர் எழுதிய உயில்கள் ஆவணமாக இருக்கின்றன. முதல் உயிலில் தன் பட்டறைக் கருவிகளை மாணவர் ஜொவான்னி ஃபெர்ரினிக்கு எழுதிவைத்தார். பிறகு அதை மாற்றினார். நோயில் கிடந்த காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட சகோதரிகள் இருவருக்குச் சொத்தை விட்டு, மாணவருக்குச் சிறு தொகை மட்டும் கொடுத்தார். பியானோவைக் கண்டுபிடித்தவரின் கடைசிக் கவலை, தனக்குக் கஞ்சி ஊற்றியவர்களின் கடனைத் தீர்ப்பதாக இருந்திருக்கிறது.

ஜெர்மனியில் மறுபிறவி

பியானோவைக் காப்பாற்றியதில் மஃபெய் எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1725-ல் அது ஜெர்மன் மொழியில் வெளியானது. சாக்சனியில் ஆர்கன் செய்வதில் பேர் பெற்ற காட்ஃப்ரீட் ஸில்பர்மான், கிறிஸ்டோஃபொரியின் வழியில் பியானோ செய்யத் தொடங்கினார்.

அதை வாசித்துப் பார்த்தவர் யோஹான் செபாஸ்டியன் பாக். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் மேல் ஸ்தாயி பலவீனம், கட்டைகளை அழுத்துவது கஷ்டம் என்று அவர் சொன்னாராம். ஸில்பர்மானுக்குக் கோபம். ஆனாலும் பல ஆண்டுகள் உழைத்துக் குறைகளைச் சரிசெய்தார், பிறகு பாக்கிடம் முழுப் பாராட்டும் பெற்றார் என்று பாக்கின் மாணவர் அக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார். 1747-ல் போட்ஸ்டாம் அரண்மனையில் மாமன்னர் ஃபிரடெரிக் முன்னிலையில் பாக் வாசித்தது ஸில்பர்மான் பியானோக்களில்தான்.

பியானோ பிழைத்துக்கொண்டது. கண்டுபிடித்தவரின் பெயர் பிழைக்கவில்லை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வேறு சிலர் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடினார்கள். பாரிஸில் ஜான் மரியுஸ் என்பவர் 1716-ல் சுத்தியல் வைத்த ஹார்ப்சிகார்டின் மாதிரிகளை அறிவியல் கழகத்தில் காட்டியிருந்தார். ஜெர்மனியில் ஷ்ரோட்டர் என்ற இசைக்கலைஞர், யோசனை தன்னுடையதுதான் என்று எழுதினார். மொசார்ட்டும் பீத்தோவனும் பியானோவை உலகின் உச்சியில் வைத்தபோது, பதுவைக்காரரை நினைப்பவர்கள் அதிகம் இல்லை.

நியூயார்க்: ஒயினுக்குக் கைமாறிய பொக்கிஷம்

மிஞ்சியிருக்கும் மூன்றில் மூத்தது 1720-ல் செய்யப்பட்டது. உலகில் இன்று இருக்கும் பியானோக்களிலேயே பழையதும் இதுதான். 19-ம் நூற்றாண்டில் இது இத்தாலியக் குடும்பம் ஒன்றின் வசம் இருந்தது. சியானா நகரத்தில் பியானோ சுருதி சேர்ப்பவர் ஒருவரிடமிருந்து, பணத்துக்குப் பதில் ஒயின் கொடுத்து அந்தக் குடும்பத்தின் பெரியவர் இதை வாங்கினார் என்று சொல்லப்படுகிறது.

1890-களில் நியூயார்க்கின் மேரி எலிசபெத் ஆடம்ஸ் பிரவுன் இதை வாங்கினார். வங்கியாளர் ஒருவரின் மனைவியான இவர், உலகெங்கிலுமிருந்து 3,000-க்கும் மேற்பட்ட இசைக்கருவிகளைத் திரட்டி மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். அப்படித்தான் கிறிஸ்டோஃபொரியின் பியானோ அட்லாண்டிக்கைக் கடந்தது.

இதை வாசிக்க முடியும். ஆனால், அதற்குக் கொடுத்த விலை பெரிது. பழைய காலத்திலேயே பலர் கைவைத்துக் கட்டைகளின் ஸ்தாயி வரம்பை மாற்றிவிட்டார்கள். 1938-ல் ஒலிப்பலகையையே எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தினார்கள். பியானோவின் குரல் பிறக்கும் இடம் ஒலிப்பலகைதான். அதனால், இந்தப் பெட்டியிலிருந்து வரும் ஒலியை 1720-ல் ஃப்ளாரன்ஸ் கேட்ட ஒலி என்று சொல்லிவிட முடியாது.

ரோம்: பூச்சி அரித்த மௌனம்

இரண்டாவது பியானோ 1722-ல் செய்தது. ரோமில், ஜெருசலேம் திருச்சிலுவை பசிலிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள தேசிய இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி, எவான் கோர்கா என்ற பாடகரின் சேகரிப்பு. 1896-ல் புச்சினியின் 'லா போஹெம்' ஓபரா முதன்முதலில் மேடையேறியபோது, கதாநாயகன் ரொடோல்ஃபோவாகப் பாடியவர் இவர்தான். சில ஆண்டுகளில் மேடையை விட்டுவிட்டு, பழம்பொருள் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

1722 பியானோவின் மரத்தைப் பூச்சி அரித்துவிட்டது. வாசிக்க முடியாது. ஆனால், உள்ளே இருக்கும் ஒரு நுட்பத்தை இன்றும் பார்க்கலாம். இதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு கம்பிகள். கீபோர்டைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தினால், சுத்தியல் இரண்டு கம்பிக்குப் பதில் ஒரே கம்பியில் படும். ஒலி இன்னும் மென்மையாகும். இன்றைய கிராண்ட் பியானோவின் இடதுபக்க பெடல் செய்யும் வேலைக்கு இதுவே முன்னோடி.

லைப்ஸிக்: போரைத் தாண்டியது

மூன்றாவது 1726-ல் செய்தது. அந்த ஆண்டில் பாக் வாழ்ந்துகொண்டிருந்த ஊர் லைப்ஸிக். 200 ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு இந்தப் பியானோ வந்து சேர்ந்தது.

கொலோன் நகரத்தின் காகிதத் தொழிலதிபர் வில்ஹெல்ம் ஹேயர் சேர்த்துவைத்திருந்த கருவிகளில் இதுவும் ஒன்று. அவர் இறந்த பிறகு மொத்தச் சேகரிப்பும் விற்பனைக்கு வந்தது. 1926-ல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்துக்காக அது வாங்கப்பட்டது. அதற்கு 2 லட்சம் மார்க் நன்கொடை கொடுத்தவர், இசைநூல் பதிப்பாளர் ஹென்றி ஹின்ரிக்ஸன்.

ஹின்ரிக்ஸன் யூதர். நாஜிகளின் ஆட்சிக்காலத்தில் அவரது பதிப்பகம் பறிக்கப்பட்டது. 1942-ல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் லைப்ஸிக் மீது குண்டுகள் விழுந்தன. அருங்காட்சியகம் தீக்கிரையானது. கருவிகள் பல அழிந்தன. கிறிஸ்டோஃபொரியின் பியானோ தப்பியது. அது லைப்ஸிக்கில் இருக்கக் காரணமான மனிதர் தப்பவில்லை.

இந்தப் பியானோவை முன்பு வாசித்து ஒலிப்பதிவும் செய்திருக்கிறார்கள். இன்று வாசிக்க முடியாத நிலை.

முகமும் போனது, பெயர் மீண்டது

கிறிஸ்டோஃபொரியை 1726-ல் ஒருவர் ஓவியமாக வரைந்திருந்தார். பக்கத்தில் ஒரு பியானோ. கையில் ஒரு தாள். பியானோவின் உள்ளமைப்பை வரைந்த தாளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பெர்லினில் இருந்த அந்த ஓவியம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. அதன் புகைப்படங்கள் மட்டுமே நம்மிடம் உள்ளன.

பெயருக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. 1874-ல் லெத்தோ புலிதி என்ற ஃப்ளாரன்ஸ் ஆய்வாளர், மெடிச்சி ஆவணங்களைத் தோண்டியெடுத்து கிறிஸ்டோஃபொரிக்கு உரிய இடத்தை மீட்டுக்கொடுத்தார். 1876-ல் ஃப்ளாரன்ஸின் சாந்தா க்ரோச்சே தேவாலய வளாகத்தில் அவருக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் துயிலும் தேவாலயம் அது.

ஆவணங்களுக்கும் முந்திய சாட்சி ஒன்று உண்டு. மூன்று பியானோக்களிலும் லத்தீன் மொழியில் ஒரே மாதிரியான வாசகம் இருக்கிறது. பதுவையைச் சேர்ந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபொரி, ஃப்ளாரன்ஸில் செய்தது என்று சொல்லி ஆண்டையும் குறிக்கும் அந்த வரியில், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்லை அவர் சேர்த்திருக்கிறார்: 'கண்டுபிடித்தவர்'. யார் மறந்தாலும் கருவி மறக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்போல!

வாசிக்கலாமா, கூடாதா?

மூன்று பியானோக்களும் சேர்ந்து அருங்காட்சியகங்களுக்கு ஒரு சங்கடமான கேள்வியை வைக்கின்றன. வாசிக்க முடிகிற ஒன்றில் பழைய குரல் இல்லை. மற்ற இரண்டும் ஊமையாகிவிட்டன. அவற்றைப் பழுது பார்த்தால் ஒலி கிடைக்கலாம். ஆனால், 300 ஆண்டு மரமும் தோலும் காகிதமும் போய்விடும். அவை போனால், கிறிஸ்டோஃபொரி என்ன செய்தார் என்பதற்கான தடயமும் போய்விடும்.

அதற்கு இசைக்கருவி கைவினைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். மூலக் கருவிகளைத் தொடாமல் அங்குலம் அங்குலமாக அளந்து, அதே வகை மரம், அதே காகிதச் சுத்தியல் வைத்துப் புதிய பிரதிகள் செய்கிறார்கள். ஜுஸ்தினியின் சொனாட்டாக்களை இந்தப் பிரதிகளில் வாசித்த பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இன்றைய பியானோவின் முழக்கம் இருக்காது. ஹார்ப்சிகார்டுக்கும் பியானோவுக்கும் நடுவில் நிற்கிற, கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள குரல் அது. ஒரு ஸ்வரம் மெலிந்து அடுத்த ஸ்வரம் தடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஒரு மனிதர் வாழ்நாளைக் கொடுத்தார்.

ஃப்ளாரன்ஸ் போகும் வாய்ப்பு கிடைத்தால், டேவிட்டைப் பார்த்த கையோடு இசைக்கருவிப் பகுதிக்கும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். முட்டை வடிவக் கருவியோடு, தொமெனிகோ தெல் மேலா 1739-ல் செய்த நிமிர்ந்து நிற்கும் பியானோவும் அங்கே உண்டு. அந்த வகையில் உலகின் மிகப் பழையதாக அறியப்படுவது அதுதான். ரோம், லைப்ஸிக், நியூயார்க் செல்பவர்கள் அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. கிறிஸ்டோஃபொரியின் பியானோ முன்னால் நிற்க நேர்ந்தால், அந்த லத்தீன் வரியைத் தேடிப் படிக்க மறக்காதீர்கள்.